துவைத்துப் பயன்படுத்தும் நர்சிங் பேடு (கசியும் தாய்ப்பாலை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைப்பது) எப்படி இருக்கிறது?
தாய்ப்பாலுக்கு டப்பா வேண்டாம், லாரி வேண்டாம், சூடாக்க கேஸும் வேண்டாம். ஒரு கிலோ பால் பவுடருக்கோ, மாட்டுத் தீவனம் விளைவிப்பது தொடங்கி சுமார் 4,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாக மதிப்பிடுகிறார்கள். (பவுடர் தேவைப்படும் அம்மாக்களைக் குறை சொல்லவில்லை. தேவை என்றால் கொடுக்கத்தான் வேண்டும்.) இவ்வளவையும் மிச்சம் பிடித்துவிட்டு, பால் கசிவுக்காக தினமும் பிளாஸ்டிக் பேடுகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் துணி பேடு வாங்கினேன்.

உள்பக்கம் மெத்தென்ற பருத்தி, தோலை உறுத்தவே இல்லை. வெளிப்பக்கம் நீர் புகாத படலம். அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் ஒரு தடவையோடு தூக்கி எறிவதில்லையே. பகலில் அருமையாகத் தாங்குகிறது. இரவில் கசிவு அதிகமானால் போதவில்லை, எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது. மெல்லிய துணி உடுத்தினால் விளிம்பும் தெரிகிறது.

ஈரமானதும் மாற்றிவிடுங்கள், காம்பு புண்ணாகாமல் இருக்கும். அப்புறம், துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். இரண்டு மூன்று ஜோடி போதாது. காய நேரமாகும், கூடுதலாகவே வாங்குங்கள்.