கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய பாக்குமட்டைத் தட்டுகள்

கடந்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாற்பது பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு, நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடையில் 12 அங்குலப் பாக்குமட்டைத் தட்டுகள் ஐம்பது வாங்கினேன். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு என்றாலும், விருந்து முடிந்த மறுநாள் எங்கள் தெருவோரத்தில் அவை காற்றில் உருளுவதைப் பார்த்துச் சலித்துப்போனதே இதற்குக் காரணம்.

மரத்திலிருந்து தானாக உதிரும் மட்டையைக் கழுவி, நீரில் ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தி எடுப்பதால், இதற்குப் பசையோ பூச்சோ தேவைப்படுவதில்லை. தேங்காய் அரைத்த மீன்குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியும் அடிப்பகுதி இளகவில்லை. மடியில் வைத்து உண்ட சித்தப்பாவின் வெள்ளை வேட்டியும் தப்பியது. ரசத்துக்கு மட்டும் விளிம்பின் உயரம் போதவில்லை. (தரையில் பந்தி போடுவதாக இருந்தால் வாழையிலைக்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்.)

குறை ஒன்று உண்டு. கட்டின் நடுவிலிருந்த ஆறு தட்டுகளில் கரும்பூஞ்சைப் புள்ளிகள் இருந்தன. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார் என்றாலும், ஈரம் படாமல் அடுக்கியிருந்தால் பண்டிகைக்கு முந்தின மாலையில் அந்த அலைச்சல் இருந்திருக்காது. எனவே வாங்கும்போதே கட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

உண்டு முடித்த தட்டுகளைக் கிழித்துத் தென்னை மூட்டில் போட்டு மண் மூடினோம். பொங்கலுக்கும் அங்கேயே வாங்குவேன், சற்று ஆழமான தட்டாகப் பார்த்து.