ஈர மணலில் உளறும் மெட்டல் டிடெக்டர்

நான் வைத்திருக்கும் மெட்டல் டிடெக்டரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று மச்சான் கேட்டிருக்கிறார். பழுதுபார்க்கப் போன என்னுடையது கைக்கு வந்து சேர்ந்த வாரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பதிலில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும். எடை, பேட்டரி, திரை எல்லாம் அவரே படித்திருப்பார். அவற்றில் எனக்குக் குறையில்லை. தரையை ஒட்டி வீசித் தேடும் கம்பிச்சுருள் தட்டான காயிலிலிருந்து மேலே வரும் ஒயரின் உறை வெடித்து, உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, காயிலையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு ஆன செலவைக்கூட மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் படம். அலை அடிக்கிற கரையில் ஒருவர் சிரித்துக்கொண்டே தேடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காய்ந்த மணலில் சமர்த்தாக வரும் இந்தக் கருவி, அலை நனைத்துவிட்டுப் போன பட்டையில் இறங்கியதும் உளறத் தொடங்கிவிடும். காயிலைத் தூக்கினால் ஒரு சத்தம், இறக்கினால் ஒரு சத்தம், அலை வந்து தொட்டால் ஒரே கூச்சல். நம்பித் தோண்டினால் மணல்; இன்னும் தோண்டினால் தண்ணீர்.

நியாயமாகப் பார்த்தால் குற்றவாளி உப்பு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஈர மணல் முழுவதையுமே கருவி மெல்லிய உலோகத்தாளாக எடுத்துக்கொள்கிறது. அது போதாதென்று கறுமணல் படிந்த இடங்களில் இரும்புத்தாது வேறு விதமாகக் குழப்பும். என்னுடையதைப் போன்ற ஒற்றை அலைவரிசைக் கருவியால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகக் கழிக்க முடியும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் கருவிகள் கிடைக்கும் பதில்களை ஒப்பிட்டு இரண்டையும் சேர்த்தே கழித்துவிடுகின்றன. அவற்றின் விலைதான் நம் கைக்கு எட்டாது. இதெல்லாம் தெரிந்தவர்கள்தானே இந்தக் கருவியைச் செய்தார்கள்? பெட்டியில் ஒரு வயல்வெளிப் படத்தைப் போட்டிருந்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சமாளிக்க வழி உண்டு. உணர்திறனைக் குறைக்க வேண்டும், உலோகத்துக்கு உலோகம் மாறித் திரையில் வரும் எண்களில் கீழ் எண்களை அடைக்க வேண்டும், கடலை நோக்கி நடக்காமல் கரையை ஒட்டி நீளவாக்கில் நடக்க வேண்டும். அப்படி நடந்தால் காலடியில் ஈரம் அதிகம் மாறாது, கருவியும் ஓரளவு அடங்கும். ஆனால் ஆழமாகக் கிடப்பது எதுவும் காதுக்கு எட்டாது.

எங்கள் பக்கம் வெள்ளிக் காசு கிடப்பது அந்த ஈரப் பட்டையில்தான் என்பது வயிற்றெரிச்சல். ராமநாதபுரம் பக்கத்துச் சேதுக்கரையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோர் கடன் கழிக்க வரும் கூட்டம் இன்று நேற்று வந்ததல்ல. வேண்டிக்கொண்டு கடலில் காசு போட்டவர்கள் உண்டு. முங்கி எழும்போது முந்தானை முடிச்சு அவிழ்ந்து காசை விட்டவர்களும் இருந்திருப்பார்கள். அதெல்லாம் குளித்த இடத்தில் கிடக்குமே தவிர மேட்டு மணலில் கிடக்காது. மேட்டில் கிடைப்பது சோடா மூடியும், வலையிலிருந்து அறுந்து விழுந்த ஈயக் குண்டுகளும்தான். நெளிவிளிம்பு அலுமினியப் பத்துப் பைசா வேறு நல்ல உலோகக் குரலில் கூப்பிட்டு ஏமாற்றும்.

வெள்ளிக்கு மட்டும் இந்தக் கருவி துரோகம் செய்ததில்லை. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் என்பதால் அது எண் வரிசையின் மேல்முனையில் நிற்கும். எந்தப் பக்கமிருந்து வீசினாலும் எண் துள்ளாது, ஓசை பிசிறாது. கச்சான் காற்று கரையை அரித்துவிட்டிருந்த ஒரு காலையில், அத்தனை உளறலுக்கு நடுவே அந்த ஓசை தனியாகக் கேட்டது. சல்லடைக் கரண்டியில் அள்ளித் தண்ணீரில் ஆட்டினேன். மணல் இறங்கியதும் சிப்பித் துண்டுகளுக்கிடையே மெல்லிய கறுத்த வில்லை ஒன்று தங்கியது. ஒரு பக்கம் மணல் கெட்டித்து ஒட்டியிருந்தது. மறுபக்கத்தை வெயிலுக்குச் சாய்த்தால் முதலில் தாடி தெரிந்தது, பிறகு கிரீடம். ஐந்தாம் ஜார்ஜின் நாலணா.

மன்னர் அங்கியில் பொடியாக ஒரு யானை இருக்கும். 1911-இல் அடித்த நாணயங்களில் அது பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, 1912 முதல் திருத்தி அடித்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என்னுடையது திருத்திய யானைதான். ஒட்டியதை நன்னீரில் ஊறவைத்துப் பெயர்த்தபோது ஆண்டு தெரிந்தது, 1918. அந்தக் காலத்து நாலணாவில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. கடலில் பச்சை பிடித்துவிடும், கருவியில் எண்ணும் இறங்கிவிடும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்ற அத்தையிடமிருந்து நாலணாவைக் காப்பாற்றியது தனிக்கதை.

வாங்குகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாலணாவில் இருக்கும் வெள்ளியே இன்று அதைவிட அதிக விலை போகும். எழுதிக் கொடுத்தேன்; வாங்கிக்கொண்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அழகன்குளம் மாதிரி அகழாய்வு நடந்த இடங்களின் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. கடலோர ஊரான மண்டபம் பக்கம் போனால் சந்தேகம் வேறு வகை. கடத்தல் தங்கத்தைக் கடலில் போட்டுவிட்டு ஓடியதாகவும், முக்குளித்துத் தேடுவதாகவும் அடிக்கடி செய்தி வரும் ஊர். நாலணா தேடுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

ஆக மச்சானுக்குப் பதில்: வாங்க வேண்டாம். எவ்வளவு விலை இறங்கினாலும் வேண்டாம். கடலோரத்தில் இருந்துகொண்டு ஒற்றை அலைவரிசைக் கருவி வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு. பல அலைவரிசைக் கருவிக்குக் காசு சேரும்வரை பொறுத்திருக்கட்டும். அப்படியானால் உன்னுடையதைப் பாதி விலைக்குக் கொடு என்று அடுத்த கேள்வி வரும், கொடுப்பதாக இல்லை. புதுக் காயிலுக்கு இப்போதுதான் உறை வாங்கி மாட்டியிருக்கிறேன், ஆடி அமாவாசையும் நெருங்கிவிட்டது.