டபிள்யூஎஸ்எல் 2-ல் பென்டிரைவும் வெளி ஹார்ட் டிஸ்க்கும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

டபிள்யூஎஸ்எல் 2 என்பது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி. அதில் சி, டி டிரைவ்கள் தாமாகவே மவுண்ட் ஆகிவிடும், அதாவது லினக்ஸில் ஃபோல்டர்களாக இணைந்துவிடும். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகும் பென்டிரைவ் அப்படி ஆகாது. எக்ஸ்ப்ளோரரில் ‘ஈ’ என்று தெரிவது லினக்ஸின் எம்என்டி (/mnt) ஃபோல்டரில் இருக்காது. அங்கே ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) மவுண்ட் கட்டளை கொடுக்க வேண்டும்: வகை ‘டிஆர்விஎஃப்எஸ்’ (drvfs), மூலம் டிரைவ் எழுத்தும் கோலனும். அடிக்கடி தேவைப்பட்டால் எஃப்எஸ்டேப் (/etc/fstab) என்ற மவுண்ட் பட்டியல் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கலாம். அதில் ‘நோஆட்டோ’ (தானாக மவுண்ட் செய்யாதே) சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் டிரைவ் செருகாத நாளில் லினக்ஸ் திறக்கும்போதே பிழைச் செய்தி வரும்.

கழற்றுவதில்தான் தொல்லை. லினக்ஸில் அன்மவுண்ட் செய்யாமல் விண்டோஸில் எஜெக்ட் கொடுத்தால், டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். அன்மவுண்டும் ‘பிஸி’ என்று அடம்பிடித்தால், ஏதோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நிற்கிறது என்று பொருள்.

வேகத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லலாம். ஒரு 4 ஜிபி வீடியோவை நகலெடுக்கும்போது குறை பெரிதாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் கொண்ட கிட் ரெப்போவை (நிரல் கோப்புகளின் தொகுப்பை) திறந்தால் நகராது. ஒவ்வொரு கோப்பைத் திறக்கும் கோரிக்கையும் 9பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக விண்டோஸுக்குப் போய்த் திரும்புவதே காரணம். வேலையை ஹோம் ஃபோல்டரில் செய்துவிட்டு, டார் கோப்பாக (எல்லாம் சேர்ந்த ஒரே கோப்பாக) கட்டி டிரைவில் போடுவதே உருப்படியான வழி.

அனுமதிகளும் வழுக்கும். பெரும்பாலும் எல்லாக் கோப்பும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) என்று தெரியும், அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளை அநேகமாக எதையும் மாற்றாது. மவுண்ட் செய்யும்போது ‘மெட்டாடேட்டா’ விருப்பத்தைச் சேர்த்தால் என்டிஎஃப்எஸ் டிரைவில் சரியாகும். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட்டில் அதுவும் பலிக்காது. அதனால் எஸ்எஸ்ஹெச் சாவியை (வேறு கணினிக்குள் நுழையும் சாவிக் கோப்பை) பென்டிரைவில் வைத்து, இயல்பான மவுண்டில் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அனுமதி அதிகம் என்று எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியைப் புறக்கணித்துவிடும்.

லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவிலுள்ள டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. அதற்கு அட்மின் பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் கட்டளையின் ‘மவுண்ட்’ விருப்பம் இருக்கிறது. முழு டிஸ்க்கும் லினக்ஸுக்குப் போய்விடும், இணைப்பு இருக்கும்வரை விண்டோஸால் தொட முடியாது. டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்தால் இணைப்பு போய்விடும், மறுபடி இணைக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இது அருமை. பென்டிரைவ், எஸ்டி கார்டு ரீடர்களில் பெரும்பாலும் தோற்கும்.

அவற்றுக்கு, யூஎஸ்பி சாதனத்தை லினக்ஸுக்குக் கடத்தும் யூஎஸ்பிஐபிடி-வின் என்ற இலவச மென்பொருள் உண்டு. பகிர அனுமதிக்கும் ‘பைண்ட்’ ஒருமுறை, அட்மின் உரிமையோடு. லினக்ஸோடு இணைக்கும் ‘அட்டாச்’ ஒவ்வொரு முறை செருகும்போதும். எல்எஸ்யூஎஸ்பி-யில் (யூஎஸ்பி சாதனப் பட்டியல்) தெரிந்து எல்எஸ்பிஎல்கே-யில் (டிஸ்க் பட்டியல்) வராவிட்டால், கெர்னலில் யூஎஸ்பி சேமிப்பக டிரைவர் ஏறவில்லை. முதலில் டபிள்யூஎஸ்எல்லை அப்டேட் செய்து, பிறகு மோட்புரோப் கட்டளையால் அந்த டிரைவரை ஏற்றிப் பாருங்கள்.

டிடி கட்டளையால் டிஸ்க் இமேஜை (முழு டிஸ்க்கின் நகலை) எழுதுவோர் கவனிக்க: எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்களில் டபிள்யூஎஸ்எல்லின் சொந்த மெய்நிகர் டிஸ்க்குகளே இருக்கும். எல்எஸ்பிஎல்கே-யில் கொள்ளளவைப் பார்த்துப் பென்டிரைவை அடையாளம் கண்ட பிறகே என்டர் தட்டுங்கள்.