குந்தவையைக் கேட்டால் சீரியல் மகாராணி வருகிறாள்: வீட்டுக் கணினியில் ஏஐ ரசிகர் ஓவியம், ஒரு விமர்சனம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். பொன்னியின் செல்வன் மாதிரி ஏதாவது ஒரு கதையில் ஊறிப்போனவர், கணினியை நோண்டச் சலிக்காதவர், வீட்டில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிறது என்றால் எழுதிக் கொடுத்ததை ஓவியமாக்கும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல்லும் காம்ஃபி யுஐயும் சேர்ந்த இந்த இலவசக் கூட்டணி அருமையான பொழுதுபோக்கு. ஒரு வரி அடித்தவுடன் ஓவியம் வந்து விழ வேண்டும் என்று நினைப்பவருக்குச் சரிப்படாது. கதை எழுத சாட்பாட்டை நம்பலாமா என்றால், விளையாட நம்பலாம், எழுத நம்ப வேண்டாம்.

சரி, விவரமாகப் பார்ப்போம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது, அதன் பெரிய அண்ணன் எக்ஸ்எல் 2023 ஜூலையில். கிட்டத்தட்ட 7 ஜிபி கோப்பு. ஒரு தடவை இறக்கிவிட்டால் அப்புறம் இணையம்கூட வேண்டாம், மாதக் கட்டணம் கிடையாது, நள்ளிரவில் உட்கார்ந்து பெரிய பழுவேட்டரையரை வாலிபனாக்கிப் பார்க்கிறீர்களா என்று கேட்க யாரும் இல்லை. காம்ஃபி யுஐ என்பது இந்த மாடலை ஓட்டுவதற்கான முகப்பு. திறந்தவுடன் பெட்டி பெட்டியாக வந்து, பெட்டிக்குப் பெட்டி வயர் போட்டு இணைத்திருக்கும், பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒரு நல்ல விஷயம் வைத்திருக்கிறார்கள். அதில் செய்த படத்துக்குள்ளேயே அந்தப் படம் செய்யப்பட்ட முறை முழுவதும் ஒளிந்திருக்கும். வேறு ஒருவர் செய்த படத்தை இழுத்து உள்ளே போட்டால் அவர் போட்ட பெட்டி, வயர், எழுதிய வாசகம் எல்லாம் அப்படியே விரிந்துவிடும் (வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இது போய்விடும், ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்). பாடம் படிப்பதைவிட இப்படிப் பிறத்தியார் படத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் வேகம்.

ஏன் பொன்னியின் செல்வன்? முதல் காரணம் ஆசை. இரண்டாவது, சட்டப்படி கவலை இல்லாத கதை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, கல்கி மறைந்தது 1954 டிசம்பரில், அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் படம் போடலாம், கிளைக்கதை எழுதலாம். ஓவியர் மணியம் வரைந்த படங்களுக்கும் அதே சுதந்திரம் உண்டு என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு கை, வேறு உரிமை. ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நம் எல்லோர் மனசிலும் குந்தவை, நந்தினி என்றால் மணியத்தின் கோடுகள்தான், கொண்டையைப் பார்த்தே இது இன்னார் என்று சொல்லிவிடுவோம். இயந்திரத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது.

அதற்குத் தெரிந்ததெல்லாம் இணையம். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளைப் பயிற்றுவிக்கப் படங்களைப் பொறுக்கி எடுத்த தொகுப்பான லயன்-5பியில் 585 கோடி படங்களும் அவற்றோடு ஒட்டியிருந்த எழுத்தும் இருந்தன. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் அதில் பத்தாம் நூற்றாண்டுச் சோழநாடு எவ்வளவு இருந்திருக்கும்? இந்திய இளவரசி என்று இணையத்தில் கொட்டிக் கிடப்பது கல்யாண போட்டோஷூட்டும் இந்தி சீரியலும் ராஜஸ்தான் அரண்மனையும். அதனால் சோழ இளவரசி என்று கேட்டால் நெற்றிச்சுட்டி மூக்குவரை தொங்க, பாவாடை போல எதையோ கட்டி, பின்னால் ஜெய்ப்பூர் ஜன்னல் வைத்து ஒரு அம்மா வருகிறார். தமிழில் கேட்டால் இன்னும் மோசம், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நான் பெருமையாக அனுப்பிய முதல் நந்தினிக்கு அக்கா அனுப்பிய பதில் இது: “ஏண்டா, இவ சோழ ராஜ்ஜியத்தைக் கவிழ்க்க வந்தவளா, ஆடித் தள்ளுபடிக்கு வந்தவளா?”

இங்கே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். விடாதீர்கள், விளையாட்டே இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

லோரா என்று ஒன்று இருக்கிறது. பெரிய மாடலைத் தொடாமல், அதற்குப் புதிய தோற்றத்தைக் கற்றுக்கொடுக்க அதன் மேல் ஒட்டும் சின்னக் கோப்பு. இருபது, முப்பது படங்களைக் கொடுத்து நாமே வீட்டில் தயாரிக்கலாம். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் கருவறைச் சுவரில் முற்காலச் சோழர் சிற்பங்கள் இருக்கின்றன, ஆணும் பெண்ணுமாக, கிட்டத்தட்ட ஆளுயரம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான கூந்தல் முடிச்சு. கதை நடக்கும் காலத்துக்குப் பக்கத்துக் காலம். சொந்தமாக எடுத்து வைத்திருந்த போட்டோக்களைக் கொடுத்து ஒரு லோரா பயிற்றுவித்தேன். ராத்திரி முழுக்கக் கணினியின் காற்றாடி கதறியது. காலையில் குந்தவை வந்தாள், கொண்டை அச்சு அசல், ஆனால் உடம்பு முழுக்கக் கருங்கல்! கன்னத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பாவம், அது கூந்தலையும் கல்லையும் சேர்த்தே படித்துவிட்டது. லோராவின் பலத்தை 1இலிருந்து 0.6க்கு இறக்கி, படங்களின் விளக்கத்தில் ‘கல் சிற்பம்’ என்று தெளிவாக எழுதி மறுபடி பயிற்றுவித்தபோது கல் போய் மனுஷி வந்தாள், கொண்டையும் நின்றது. அந்தப் படத்தில் உடையும் தானாகச் சரியாகிவிட்டது, ஜாக்கெட் எல்லாம் காணாமல் போய்விட்டது. தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் 1931இல் கண்டுபிடித்த சோழர் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கால உடை எவ்வளவு லேசானது என்று தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட முடியாது என்பது தனிக்கதை.

பூங்குழலிக்கு வேறு வைத்தியம். கோடிக்கரை, சதுப்பு நிலம், இருட்டில் திடீரென்று எழும்பி அணையும் கொள்ளிவாய்ப் பிசாசு வெளிச்சம், அதற்கு நடுவில் சாதாரணமாக நிற்கும் ஒரு பெண். படித்த யாருக்கும் அந்த இடம் மறக்காது. அதை வார்த்தையில் எழுதிக் கொடுத்தால் படகு கேரளத்துச் சுற்றுலாப் படகு ஆகிறது, துடுப்பு முழங்கையிலிருந்து முளைக்கிறது, படகோட்டிப் பெண்ணுக்கு அரைக்கிலோ நகை வேறு. கண்ட்ரோல்நெட் என்ற 2023ஆம் வருடச் சரக்குதான் காப்பாற்றியது. எனக்கு வரையத் தெரியாது. ஆனாலும் ஒரு தாளில் பென்சிலால் படகுக்கு ஒரு வளைவு, ஆளுக்கு ஒரு குச்சி உருவம், துடுப்புக்கு ஒரு கோடு என்று கிறுக்கிப் படம் பிடித்துக் கொடுத்தேன். அந்தக் கோட்டை விட்டு நகராமல் அது மேலே வண்ணம் ஏற்றுகிறது. வேண்டாதவை என்ற பெட்டியில் நகை, மேக்கப், புன்னகை மூன்றையும் எழுதினேன். புன்னகையைத் தடை செய்ததும் முகமே மாறிவிட்டது. அலட்சியமாக ஒரு பார்வை, ஈரக் கூந்தல், பக்கவாட்டில் நீல நெருப்பு. என் கண்ணுக்கு அது பூங்குழலிதான். கதை படிக்காத நண்பன் மீனவப் பெண்ணா என்று கேட்டான். படித்த நண்பன் பெயரையே சொல்லிவிட்டான். இதைவிட எனக்கு வேறு மார்க் தேவையில்லை.

குறை என்று பார்த்தால், வெளியிட்டவர்களே மாடலோடு எழுதி வைத்திருக்கிறார்கள்: படத்துக்குள் படிக்கிற மாதிரி எழுத்து வராது, முகமும் மனிதர்களும் சில நேரம் கோணலாகும், நீல உருண்டை மேல் சிவப்புக் கட்டம் வை என்பது போல ஒன்றுக்கொன்று உறவு சொல்லும் காட்சிகளில் தடுமாறும் என்று. இந்த மூன்றாவதுதான் ரசிகர்களுக்குப் பெரிய தலைவலி. குந்தவை யானை மேல், வானதி கீழே, இவளுக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு என்றால் பச்சை யானைக்குப் போய்விடும். தனி ஆள் படம் என்றால் சுகம். மூன்று பேர் கூடினால் தனித்தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். கடம்பூர் மாளிகை விருந்துக் காட்சியைச் செய்து காட்டுகிறவருக்கு நான் தலைவணங்குகிறேன். புலிக்கொடியில் தமிழ் எழுத்து வேண்டுமா, கடைசியில் வேறு மென்பொருளில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், கைபேசியில் ஒரு ஆப் போதும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெயர் வேண்டாம், ஆனால் எல்லாம் ஒரே அச்சு. மூன்று நாள் இலவசம் என்பார்கள், யுபிஐ ஆட்டோபேயை உடனே போடச் சொல்வார்கள், வாரக் கட்டணம் என்பது கீழே எறும்பு எழுத்தில் இருக்கும். நான் ஆப்பை நீக்கிய பிறகும் பணம் போனது. கேட்டால் நாணயங்களாகத் திருப்பித் தருகிறோம் என்று பதில், அந்த நாணயம் அந்த ஆப்புக்குள்தான் செல்லுமாம். ஆப்பை நீக்கினால் போதாது, பணம் கட்டும் செயலிக்குள் போய் ஆட்டோபே அனுமதியை ரத்து செய்ய வேண்டும். படங்களும் சுமார்தான், யாரைக் கேட்டாலும் மாவு பூசிய ஒரே முகம்.

இனி எழுத்து. ஆதித்த கரிகாலன் கடம்பூரில் சாகாமல் தப்பியிருந்தால்? சேந்தன் அமுதன் பட்டத்தை ஏற்காமல் பூப்பறிக்கவே போயிருந்தால்? ரசிகர்களுக்கு இதுதானே தீனி. தமிழில் சாட்பாட்களோடு பேசுவது முன்பைவிட எவ்வளவோ மேல். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய கணக்குப்படி, முன்பு 116 டோக்கன் (இயந்திரம் எழுத்தை வெட்டி வாங்கிக்கொள்ளும் துண்டு) பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி 35 டோக்கனில் அடங்கிவிட்டது. நம் மொழியைத் துண்டு துண்டாக வெட்டாமல் வாங்கிக்கொண்டால் உரையாடல் நீளமாகப் போகும், செலவும் குறையும். ஆனால் எழுத்து என்று வரும்போது பொதுவாக இந்த சாட்பாட்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வியாதி, நல்லவனாக இருப்பது. நந்தினி இரண்டாம் பத்தியில் மனம் திருந்திவிடுகிறாள். ரவிதாசன் தன் காயங்களைப் பற்றிப் பேசுகிறான். வந்தியத்தேவன், “நாம் இதை ஒன்றாகக் கடந்து செல்வோம், இளவரசி” என்கிறான். எந்த வந்தியத்தேவன் அப்படிப் பேசுவான்? அவன் வாயைத் திறந்தால் ஒரு பொய்யும் ஒரு கிண்டலும் வர வேண்டாமா? ஆழ்வார்க்கடியானிடம் சண்டை மூட்டச் சொன்னால் சமய நல்லிணக்கம் பேசுகிறார், அவர் தடியைத் தூக்காமல் இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

வரலாறு கேட்டால் இன்னும் உஷாராக இருங்கள். கரிகாலன் கொலையைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்கள் இருக்கின்றன. நந்தினி கல்கியின் கற்பனை, அவள் அதில் இல்லை. இயந்திரம் அவளையும் கல்வெட்டில் ஏற்றிவிட்டு வரி எண்வரை கொடுக்கும், கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

எது நன்றாக இருக்கிறது என்றால், விசாரணை விளையாட்டு. நீ ரவிதாசன், நான் தஞ்சைக் கோட்டைத் தளபதி சின்னப் பழுவேட்டரையர், உன்னைப் பிடித்துவிட்டேன், உண்மையைச் சொல்லாதே, மூன்று பொய்யும் ஒரு உண்மையும் கலந்து பேசு என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கேள்விக்குக் கேள்வி நழுவும், மடக்கினால் கதை மாற்றும், சில நேரம் நிஜமாகவே யோசிக்க வைக்கும். போன தீபாவளிக்கு வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் கூடி உட்கார்ந்து மாறி மாறிக் கேள்வி கேட்டார்கள், சித்தப்பா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. விதியைத் தெளிவாகச் சொன்னால் நல்லவன் வியாதி அடங்குகிறது. கதையை எழுதச் சொல்லாதீர்கள், எதிராளியாக உட்கார வையுங்கள்.

ஓவியர்களின் வயிற்றெரிச்சல் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கேட்காமல் எங்கள் படங்களை எடுத்துப் பயிற்றுவித்தீர்கள் என்று 2023 ஜனவரியிலேயே அமெரிக்காவில் ஓவியர்கள், ஸ்டேபிள் டிஃப்யூஷனை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ உள்ளிட்ட நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் அளவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: உயிரோடு இருக்கும் எந்த ஓவியர் பெயரையும் வாசகத்தில் எழுதுவதில்லை, நடிகர்கள் முகத்தை ஒட்டுவதில்லை, செய்ததை விற்பதில்லை, ஏஐ என்று மூலையில் எழுதிவிடுகிறேன். ரசிகன் வீட்டில் உட்கார்ந்து முடிவை மாற்றி விளையாடுவது வேறு, முதலாளி மாற்றுவது வேறு. 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த அம்பிகாபதி படத்தை ஏஐயால் செய்த சுப முடிவோடு மறுபடி திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள், இயக்குநரும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அதே முடிவை ஒரு ரசிகர் நாலு நண்பர்களுக்காகச் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். டிக்கெட் போட்டு அசலின் இடத்தில் உட்கார வைத்ததுதான் உறுத்தல்.

கடைசியாக, கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு. எக்ஸ்எல் ஓட 8 ஜிபி நினைவகம் போதும், லோரா பயிற்றுவிக்கும் ஆசை இருந்தால் 12 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், பழைய ஆர்டிஎக்ஸ் 3060 அந்த அளவில் கிடைக்கும், செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கார்டே இல்லாதவர்கள் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம், விசாரணை விளையாட்டுக்குக் கைபேசியே போதும். என் பூங்குழலியின் செய்முறை வேண்டுமென்பவர்கள் சொல்லுங்கள், ஃபைலாகவே அனுப்புகிறேன். பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்களை ஒழுங்காக வரவழைத்தவர் யாராவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், என்னிடம் வருவதெல்லாம் பச்சை குத்தின மாதிரியே இருக்கிறது.