கலோரி கால்குலேட்டர் சொன்னபடி எடை குறையுமா?

உயரம், எடை, வயது, பாலினம், தினசரி நடமாட்டம். இந்த ஐந்தையும் தட்டினால் போதும், "தினம் 1,450 கலோரி சாப்பிடுங்கள், ஒரு வருடத்தில் 23 கிலோ குறையும்" என்று கால்குலேட்டர் நாள் குறித்துக் கொடுத்துவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை, மொபைல் ஆப்களுக்குள் இருப்பவை, ஜிம்களின் தளங்களில் ஒட்டவைத்திருப்பவை என்று எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று பழைய சூத்திரங்கள்தான். அவை தரும் கலோரி எண்ணை ஆரம்பக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். தேதியைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

இன்று அதிகம் புழங்குவது 1990-ல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையை (கிலோவில்) 10-ஆல் பெருக்கி, உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அதிலிருந்து வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். 40 வயது, 78 கிலோ, 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 780 + 1,000 − 200 − 161 = 1,419 கலோரி. ஒரு நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலும் உடல் எரிக்கும் அளவு இது. 1919-ன் ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரத்தைவிட இது தேவலாம். ஆய்வகத்தில் மூச்சுக்காற்றை அளந்து ஒப்பிட்டால் பெரும்பாலோருக்கு 10 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஆனால் இந்தப் பெண்ணுக்கு 10 சதவீதம் என்பதே 140 கலோரி. அந்தப் 'பெரும்பாலோரில்' அவரும் ஒருவரா என்று கால்குலேட்டருக்குத் தெரியாது. அவர் உடலில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்றும் அது கேட்கவில்லை. கொழுப்புச் சதவீதத்தைக் கேட்கும் கேட்ச்-மெக்கார்டில் சூத்திரம் கூடுதல் நுட்பமாகத் தெரியும். ஆனால் வீட்டு எடை மெஷின் காலடியில் மின்சாரம் பாய்ச்சிச் சொல்லும் கொழுப்பு அளவே தண்ணீர் குடித்தால் மாறிவிடுகிறது. தப்பான எண்ணைப் போட்டால் வருவதும் தப்பாகத்தான் இருக்கும்.

பெரிய ஓட்டை அடுத்த கட்டத்தில். 1,419-ஐ நடமாட்டத்துக்கேற்ப 1.2, 1.375, 1.55, 1.725, 1.9 என்று ஏதாவது ஒன்றால் பெருக்குகிறார்கள். 'கொஞ்சம் நடமாட்டம்' என்று தட்டினால் 1,951. 'மிதமான நடமாட்டம்' என்றால் 2,199. ஒரே ஒரு க்ளிக்கில் 248 கலோரி வித்தியாசம். வாரம் நான்கு நாள் ஜிம்முக்குப் போய்விட்டு மீதி நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எதைத் தட்டுவார்? மிதமானதைத்தான். அவருடைய உண்மையான செலவு 1.375-க்கும் கீழே இருக்கலாம். நிற்பது, நடப்பது, மாடி ஏறுவது, காலாட்டுவது எல்லாம் ஆளுக்கு ஆள் எக்கச்சக்கமாக மாறும். 1999-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 16 பேருக்கு 8 வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். உடலில் ஏறிய கொழுப்பு ஒருவருக்கு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இந்தச் சில்லறை அசைவுகள்தான். எந்தக் கட்டத்தைத் தட்டுவது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு படி கீழே இருப்பதைத் தட்டுங்கள்.

இனி அந்தத் தேதி. 1,951-ல் 500-ஐக் கழித்து 1,450 என்று இலக்கு வைக்கிறது கால்குலேட்டர். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்து, வாரத்துக்கு 3,500 பற்றாக்குறை, அதாவது 0.45 கிலோ, 52 வாரத்துக்கு 23.6 கிலோ என்று நேர்கோடு போட்டுவிடுகிறது. 1958-ல் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து பரவிய கணக்கு இது. கோளாறு 7,700-இல் இல்லை, நேர்கோட்டில்தான். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். 10 கிலோ குறைந்ததும் அதே சூத்திரத்தில் போட்டாலே 137 கலோரி போய்விடுகிறது. அதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிக்கும்: அசைவு தன்னாலே குறையும், பசி ஏறும். 500 என்று ஆரம்பித்த பற்றாக்குறை மாதங்கள் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும்.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் சகாக்களும் 2011-ல் 'லான்செட்'டில் இதற்கு வேறு வாய்ப்பாடு கொடுத்தார்கள். தினசரி உணவில் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஏறக்குறைய 1 கிலோ குறையும். அதில் பாதி முதல் வருடத்தில், 95 சதவீதம் மூன்று வருடத்தில். நம் உதாரணத்தில் 500-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் 21 கிலோ, முதல் வருடத்தில் அதில் பாதி, அதாவது பத்தரைக் கிலோவுக்குப் பக்கம். சாதாரணக் கால்குலேட்டர் சொன்னது 23.6. பாதிக்கும் கீழே! தன்மேல்தான் தப்பு என்று நினைத்து எத்தனையோ பேர் டயட்டைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். அந்த நிறுவனத்தின் இலவச 'பாடி வெயிட் பிளானர்' இந்த மாறும் கணக்கைப் போட்டுத் தருகிறது. தேதி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் சராசரி மனிதருக்கான கோடுதான். உங்கள் சில்லறை அசைவுகள், உங்கள் மரபணு எதுவும் அதற்குத் தெரியாது.

அப்படியானால் தனி ஒருவருக்கு நம்பகமான எண் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். கால்குலேட்டரை மூடிவைத்துவிட்டு, எடை மெஷினையும் உணவுக் குறிப்பையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

காலையில் கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மெஷினில் தினமும் எடை பாருங்கள். டயட் ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இறங்கும்போது எடை சர்ரென்று சரியும், அது கொழுப்பு இல்லை. அதன் பிறகு 4 வாரம். முதல் வாரச் சராசரி 77.6, நான்காம் வாரச் சராசரி 76.6 என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 வாரமும் சாப்பிட்டது நாளுக்குச் சராசரி 1,500. இரண்டு சராசரிகளுக்கும் இடைவெளி 21 நாள் (28 என்று போட்டுவிடுகிறார்கள், அது தப்பு). 1 கிலோவை 7,700-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 367. அதை 1,500-உடன் கூட்டினால் 1,867. இதுதான் இந்த ஆளின் உண்மையான தினசரிச் செலவு. கால்குலேட்டர் சொன்ன 1,951-ஐத் தூக்கிப் போட்டுவிடலாம். எக்செல் தெரிந்தவர்கள் 28 நாள் எடையையும் வரிசையாகப் போட்டு 'ஸ்லோப்' ஃபார்முலாவால் ஒரு நாள் சரிவை எடுத்து 7,700-ஆல் பெருக்கி, 367-க்குப் பதில் அதைக் கூட்டினால் இன்னும் சீராக வரும்.

ஒரு நாள் எடையையும் இன்னொரு நாள் எடையையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. உப்பு, மலச்சிக்கல், கடுமையான உடற்பயிற்சி எல்லாமே 1 கிலோவை ஏற்றி இறக்கும். 500 கலோரி பற்றாக்குறையில் 1 கிலோ கொழுப்பு கரையவே 15 நாள் ஆகும், அதற்குள் தண்ணீர் எத்தனை முறை ஏமாற்றும்! வாரச் சராசரியில் 0.3 கிலோ பிசகினாலே விடையில் 110 கலோரி இடிக்கும். மாதவிடாய் வரும் பெண்கள் சுழற்சியின் அதே கட்டத்தை அடுத்த மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிட்டால்தான் சரி.

உணவுக் குறிப்பில் பெரும்பாலோர் குறைத்துத்தான் எழுதுகிறார்கள். 1992-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், டயட் பலிக்கவில்லை என்று வந்த ஒரு குழுவினர் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. வழக்கமான ஓட்டைகள் மூன்று. எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுவது (ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி). வெந்த தானியத்தை நிறுத்துவிட்டு வேகாத தானியத்தின் பதிவைத் தட்டுவது, அல்லது தலைகீழாகச் செய்வது. வார இறுதியை எழுதாமலே விடுவது. முதல் இரண்டையும் கிச்சன் தராசு தீர்த்துவிடும். மேலே சொன்ன பின்னோக்கிய கணக்கின் அழகு என்னவென்றால், தினமும் ஒரே மாதிரி 200 கலோரி விட்டுப்போனாலும் அது தாங்கும். விடையும் அதே 200 குறைவாக வரும், அதிலிருந்து கழித்துப் போடும் இலக்கும் உங்கள் பழைய பழக்கப்படியே எழுதப்படும். தப்பு ஒரே சீராக இருந்தால் போதும். ஒரு நாள் தராசு, ஒரு நாள் கண்ணளவு என்றால் கணக்கு கெட்டுவிடும்.

இதே வேலையைத் தானாகச் செய்யும் ஆப்களும் வந்துவிட்டன. மேக்ரோஃபேக்டர் போன்றவை எடையையும் உணவையும் பார்த்துச் செலவைத் திருத்திக்கொண்டே வருகின்றன. கணக்குப் போடச் சோம்பல் என்றால் காசு கொடுக்கலாம், எண்ணில் புது மாயம் எதுவும் கிடைக்காது.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் 'எரித்த கலோரி'யை உணவில் திருப்பிச் சேர்க்கும் வசதி பல ஆப்களில் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தபோது, கலோரியில் மிகத் துல்லியமானதே சராசரி 27 சதவீதம் பிசகியது. அதோடு, நடமாட்டப் பெருக்கலில் உடற்பயிற்சியும் ஏற்கெனவே அடங்கியிருந்தால் ஒரே ஓட்டத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் இந்த எண்களின் பக்கமே போக வேண்டாம். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசியாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். மற்றவர்கள் ஒவ்வொரு 4 அல்லது 5 கிலோ குறைந்ததும் மறுபடி 4 வாரச் சராசரி எடுத்து இலக்கைத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.