பெயரைப் பதிவதா, லேபிளைப் பதிவதா, சும்மா விடுவதா?

காசிமேட்டில் கருவாட்டுத் தொக்கு போட்டு விற்பவருக்கும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி தைத்து விற்பவருக்கும் வியாபாரம் சூடு பிடித்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: டிரேட்மார்க் எடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. பதியாமலே பெயரைப் பயன்படுத்தலாம், பக்கத்தில் 'டிஎம்' என்றும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' மட்டும் பதிவு கிடைத்த பிறகுதான். 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, முன்பிருந்தே தொடர்ந்து ஒரு பெயரில் விற்று வருபவரைப் பின்னால் வந்து பதிந்தவர் தடுக்க முடியாது. பழைய கடைக்காரர்களின் தைரியம் இதுதான்.

ஆனால் உங்கள் பெயரை இன்னொருவர் எடுத்தால்? பதியாத பெயருக்கு மீறல் வழக்கு கிடையாது, 'பாசிங் ஆஃப்' வழக்குத்தான், அதாவது தன் சரக்கை நம் சரக்கு போலக் காட்டி விற்கிறார் என்ற வழக்குத்தான் போடலாம். பெயருக்கு மதிப்பு இருக்கிறது, எதிராளியால் வாடிக்கையாளர் ஏமாறுகிறார், அதனால் நமக்கு நஷ்டம் என்று எல்லாவற்றையும் நாமே காட்ட வேண்டும். பில் புக்கே இல்லாமல் கல்லாவில் காசு போடும் கடை எதைக் காட்டும்? ஜிஎஸ்டி எண்ணும் உணவு உரிமமும் இருக்கிறதே என்பார்கள். அவை பெயருக்கு உரிமை தருபவை அல்ல.

சரி, பதிவதென்றால் எதை? 'காசிமேடு கருவாட்டுத் தொக்கு' என்ற சொற்களை மட்டும் பதியப் போனால் 9ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஒன்று ஊர்ப்பெயர், மற்றது சரக்கின் பெயர். நீண்ட காலப் புழக்கத்தால் அது உங்களையே குறிக்கிறது என்று நிரூபித்தால் ஒழியக் கிடைக்காது. அதனால் பல ஏஜென்ட்கள் அதையே ஒரு மீன் படத்தோடு லேபிளாகப் போட்டுவிடுவார்கள். சுலபமாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் பாதுகாப்பு அந்த முழு லேபிளுக்குத்தான். பக்கத்துக் கடைக்காரர் அதே சொற்களோடு நண்டு படம் போட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நாமே உருவாக்கிய பெயரைச் சொல்லாகப் பதிந்தால் எழுத்து வடிவம், நிறம், படம் எது மாறினாலும் உரிமை கூடவே வரும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதா? என் ஓட்டு சொல்லுக்கே.

செலவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆன்லைனில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும், உத்யம் சான்று (சிறு தொழில் பதிவு) உள்ள சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (சரக்கு, சேவைகளைப் பிரித்து வைத்திருக்கும் வகை) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஏஜென்ட் கூலி தனி. தொக்கு 29ஆம் வகுப்பு, மீன் வறுவல் மசாலாப் பொடி 30, கடையில் உட்கார வைத்துப் பரிமாறினால் 43. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

விற்க ஆரம்பிக்காமலே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே விற்கிறோம் என்றால் முதல் தேதியைச் சொல்லி, உறுதிமொழிப் பத்திரமும் பழைய பில்களும் இணைக்கணும். 'ஒரு அஞ்சு வருஷம் முன்னால போட்டுடலாம் சார்' என்று சொல்லும் ஏஜென்ட்டை அங்கேயே நிறுத்துங்கள். எதிர்ப்பு வரும்போது முதலில் நோண்டப்படுவது அந்தத் தேதிதான்.

தமிழ்ப் பெயர் என்றால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தரணும். பதிவுத்துறையின் ஆய்வு அறிக்கை ஆட்சேபத்தோடு வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில். பதிவுத்துறையின் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியானபின் மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாதம். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். பதிந்துவிட்டு 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் வேறொருவர் நீக்கச் சொல்லி மனு போடலாம்.

பை அச்சடிக்கக் கொடுக்கும் முன், பதிவுத்துறையின் இணையதளத்தில் பெயரைத் தேடிவிடுங்கள். இலவசம்தான். எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஒலி ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.