டிராப்பர் போஸ்ட்: நீண்ட காலம் ஓட்டிய பின், வளைவில் தெரியும் வித்தியாசம்

மலைச் சைக்கிளில் ஓட்டிக்கொண்டே லீவரை அழுத்திச் சீட்டை இறக்கவும் ஏற்றவும் உதவும் சீட் தண்டுதான் டிராப்பர் போஸ்ட். அது செங்குத்தான இறக்கத்துக்கு என்றுதான் கடையில் சொல்வார்கள். நாள்பட ஓட்டினால் அதன் அருமை தெரிவது வளைவில்தான். இங்கே பேசுவது 150 மி.மீ. இறங்கும் கேபிள் வகை டிராப்பர் பற்றி. வண்டி, முன்னால் 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் உள்ள, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில். முன்னால் மேக்ஸிஸ் மினியன் டிஎச்எஃப் 2.5 அங்குல ட்யூப்லெஸ் டயர். தடம் பெரும்பாலும் கெட்டித் தரை, மேலே உதிரிச் சரளை.

சீட் உயரத்தில் இருக்கும்போது வண்டியைச் சாய்த்தால், வளைவின் உள்பக்கத் தொடையில் இடித்து அதற்கு மேல் சாயாது. வேறு வழியில்லாமல் உடம்பும் கூடவே சாயும். சரளையில் டயர் லேசாக நழுவினாலும் அந்த நிலையில் மீள்வது கடினம். சீட்டை இறக்கிவிட்டால் வண்டி மட்டும் காலுக்கு அடியில் தாராளமாகச் சாயும். உடம்பு வெளிப்பக்கப் பெடலுக்கு நேர் மேலே நிற்கும்.

ஆனால் சீட் இறங்கியதும் பலரும் செய்வது, பின்சக்கரத்துக்கு மேல் போய்க் குந்துவது. முன்டயரில் எடை குறைந்து, வளைவின் நடுவில் அது வெளியே வழுக்கிக்கொண்டு போகும். டயரைத் திட்டிப் பயனில்லை. இடுப்பை மடக்கி நெஞ்சைத் தாழ்த்துங்கள், முழங்கைகளை அகட்டுங்கள், தாடை ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) மேலே வரட்டும்.

தட்டையான வளைவில் வரிசை இதுதான்: வளைவுக்கு முன்பே சீட்டை இறக்கி, பிரேக்கையும் முடித்துவிடுங்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, முழு எடையும் அந்தக் காலில். உள்பக்கக் கையால் ஹேண்டில்பாரைக் கீழே அழுத்தினால் வண்டி சாயும். இடுப்பும் பார்வையும் வளைவு முடியும் இடத்தை நோக்கித் திரும்பட்டும். சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்த்தால் நேரே அதன் மேல்தான் போய் ஏறுவீர்கள். நடுவில் முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி நிமிர்ந்து தடத்தை விட்டு வெளியே ஓடும். கரை கட்டிய வளைவு வேறு. அங்கே மண்ணே தாங்கும் என்பதால் பெடல்கள் சமமாக, உடம்பும் வண்டியும் சேர்ந்தே சாயலாம்.

டிஎச்எஃப் டயர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளில், நடுப் பட்டன்களுக்கும் ஓரப் பட்டன்களுக்கும் இடையே அகலமான பள்ளம் உண்டு. அரைகுறையாகச் சாய்த்தால் அந்த இடைவெளியில் நின்று, பிடி விட்டதுபோல் மிதக்கும். பயந்து நிமிர்த்துபவர்களுக்கு இந்த டயர் சரிவராது. இன்னும் சாய்த்தால் ஓரப் பட்டன் கடித்துக்கொள்ளும். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 21–22 பிஎஸ்ஐ, பின்னால் 24–25 என்று தொடங்கலாம். மிகவும் குறைத்தால் டயர் பக்கவாட்டில் மடங்கிக் காற்றைத் துப்பும். ஓரப் பட்டன்களின் அடியில் கிழிசல் தெரிந்தால் பின்சக்கரத்துக்கு மாற்றுங்கள். நடுப்பகுதி புதிதுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பழக, காலி மைதானத்தில் 6 முதல் 8 மீட்டர் இடைவெளியில் இரண்டு பாட்டில்களை வைத்து, மிதிக்காமல் மெதுவாக எட்டு போடுங்கள். வலது, இடது இரண்டில் ஒரு பக்கம் கட்டாயம் தடுமாறும். அந்தப் பக்கத்தைக் கூடுதலாகப் போடுங்கள்.

பராமரிப்பில் அதிகம் தொல்லை தருவது, போஸ்ட்டை ஃபிரேமில் இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்ப். அளவுக்கு மீறி இறுக்கினால் போஸ்ட் நசுங்கி, ஏறும்போது சிக்கும். ஃபிரேமில் குறித்திருக்கும் அளவுக்கு மேல் போகாதீர்கள். பல ஃபிரேம்களில் அது 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். சீட் முழுதாக ஏறாவிட்டால் கேபிள் அழுக்கையும் இழுவிசையையும் முதலில் பாருங்கள். சேற்றில் ஓட்டிய பிறகு போஸ்டில் ஏறி இறங்கும் குழாயைத் துடைத்துவிடுவது நல்லது. சீட்டை இறக்கிய நிலையில் அதைப் பிடித்து வண்டியைத் தூக்காதீர்கள், சில மாடல்களில் உள்ளே காற்று புகுந்து சீட் தொய்யும். பக்கவாட்டில் லேசான ஆட்டம் நாளடைவில் வரத்தான் செய்யும், ஓட்டும்போது தெரியாது.

வாங்குமுன் போஸ்ட் நுழையும் ஃபிரேம் குழாயின் உள்விட்டம் (27.2, 30.9, 31.6 மி.மீ. என மாறும்), போஸ்ட் உள்ளே இறங்கும் ஆழம், கேபிள் நுழையத் துளை ஆகிய மூன்றையும் பாருங்கள். 27.2 ஃபிரேம் என்றால் தேர்வுகள் குறைவு.